துறைக்கு முதல் இணையதளம்: தொடங்கும் முன் எழும் கேள்விகள்

உள்ளாட்சித் துறை ஒன்றுக்கு முதன்முதலாக இணையதளம் அமைக்கும் பொறுப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. "சீக்கிரம் முடிங்க" என்று மேலிடத்திலிருந்து சொல்லியாயிற்று. எங்கே தொடங்குவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். பிறகு அதே வேலையை ஏற்ற பலருக்குத் துணையாகவும் இருந்திருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை என்ன? வடிவமைப்பாளரைப் பிடிப்பதா, இணைய முகவரி வாங்குவதா?

இரண்டும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் அலுவலகக் கவுண்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஐந்து வேலை நாள் போதும். வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "அப்பா இறந்து இரண்டு மாசம் ஆச்சு, சர்டிபிகேட் எங்க வாங்கணும்?" என்று ஒருவர் கேட்டால் அப்படியே எழுதுங்கள். "இறப்புச் சான்று தொடர்பான விசாரணை" என்று மாற்றி எழுதினால் அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. தொலைபேசி எடுப்பவரிடமும் இதேபோல் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். துறையில் நூறு விதமான வேலைகள் நடந்தாலும், கேள்விகளில் பெரும்பகுதி பத்துப் பதினைந்து விஷயங்களையே சுற்றி வரும். எந்தச் சான்றிதழுக்கு என்ன கொண்டுவர வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளாகும், யாரைப் பார்க்க வேண்டும், கொடுத்த மனு எந்த நிலையில் இருக்கிறது, சனிக்கிழமை அலுவலகம் உண்டா. உங்கள் இணையதளத்தின் முதல் பதினைந்து பக்கங்கள் இவைதான். துறையின் அமைப்பு வரைபடம், வரலாறு, தொலைநோக்கு அறிக்கை எல்லாம் பிறகு வரட்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, கடைசியில் "இன்னொரு நகல் வேணும், நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பிப் போவதைக் கவுண்டருக்குப் பின்னால் இருந்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை அவர் முந்தின நாள் இரவே செல்போனில் பார்த்திருக்க முடிந்தால் அந்த அரை நாள் அவருக்கு மிஞ்சியிருக்கும். இணையதளம் முதலில் அதற்காகத்தான்.

முகப்புப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

அந்தப் பதினைந்தில் அதிகம் கேட்கப்பட்ட ஆறேழு. ஒரு தேடல் பெட்டி. அலுவலக முகவரி, வேலை நேரம், தொலைபேசி எண். குடிநீர் நிறுத்தம், கடைசித் தேதி நீட்டிப்பு போன்ற அவசர அறிவிப்பு இருந்தால் அது மேலே. அவ்வளவே. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தேடுபொறி வழியாக வருகிற பலர் முகப்பைப் பார்க்கவே மாட்டார்கள், நேராக உள்பக்கத்தில் இறங்குவார்கள். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் துறையின் பெயர், ஊரின் பெயர், தொடர்பு எண் மூன்றும் இருக்க வேண்டும். "விண்ணப்பம்" என்று மட்டும் தலைப்பு வைத்த பக்கம் எந்த ஊர், எந்தத் துறை என்று புரியாமல் அனாதையாக நிற்கும்.

எங்களிடம் பல வருடச் சுற்றறிக்கைகளும் ஆணைகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா?

ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஏற்றுகிற ஒவ்வொரு பக்கத்தையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கட்டணத்தைக் காட்டும் பக்கம், பக்கமே இல்லாததைவிட மோசம். அதை நம்பிப் பணத்தோடு வருகிறவரிடம் கவுண்டரில் வேறு தொகை சொன்னால், அடுத்த முறை அவர் உங்கள் தளத்தையும் நம்ப மாட்டார், கவுண்டரில் சொல்வதையும் நம்ப மாட்டார்.

நான் கடைப்பிடிப்பது இதுதான்: ஒரு பட்டியல் போடுங்கள். பக்கத்தின் தலைப்பு, அதற்குப் பொறுப்பான பதவி, அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதி, மூன்று கட்டம். பதவியின் பெயரைத்தான் எழுத வேண்டும், ஆளின் பெயரை அல்ல. ஆள் மாற்றலாகிப் போவார், பதவி அங்கேயே இருக்கும். பொறுப்பு ஏற்க எந்தப் பதவியும் கிடைக்காத பக்கம் இப்போதைக்குத் தளத்தில் ஏற வேண்டாம். சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டியே ஆக வேண்டிய ஆவணங்கள் வேறு கதை. அவற்றை ஆண்டு வாரியாக ஒரு தனிப் பகுதியில் வையுங்கள். பழையதில் "இது இப்போது நடைமுறையில் இல்லை" என்று தலையிலேயே எழுதிவிடுங்கள்.

பக்கங்களை யார் எழுதுவது? வெளியிலிருந்து எழுத்தாளர் வேண்டுமா?

விஷயம் தெரிந்தவர் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார். பெரும்பாலும் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்த எழுத்தர்தான் அவர். அவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பேனாவைக் கையில் கொடுத்து எழுதச் சொன்னால் அவருக்கே கோப்பு மொழி வந்துவிடும். இப்படி:

"மேற்படி சான்றிதழ் கோரும் விண்ணப்பதாரர்கள் உரிய ஆவணங்களுடன் அலுவலக வேலை நேரத்தில் சம்பந்தப்பட்ட அலுவலரை நேரில் அணுகி விண்ணப்பத்தினைச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் உரிய ஆவணங்கள் எவை, வேலை நேரம் எப்போது, சம்பந்தப்பட்ட அலுவலர் யார்? படிப்பவருக்கு வேண்டிய மூன்றுமே இதில் இல்லை. அதே எழுத்தரிடம் "உங்க பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று நான் கேட்டேன். அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"மருத்துவமனை கொடுத்த சீட்டு, இறந்தவரின் அடையாள அட்டை நகல், உங்கள் அடையாள அட்டை நகல், மூன்றையும் கொண்டு வாருங்கள். காலை 10 மணி முதல் 1 மணி வரை, 3ஆம் எண் கவுண்டர். வீட்டிலேயே இறந்திருந்தால் மருத்துவமனைச் சீட்டு இருக்காது. அதற்கு வேறு படிவம் உண்டு, கீழே பாருங்கள்."

வீட்டில் நடந்த மரணத்தைப் பற்றிய அந்தக் கடைசி வரி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அவருடைய அனுபவத்தில் இருந்தது. தளத்தில் ஏற வேண்டியது இதுதான். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

படிவத்தையும் அறிவிப்பையும் பி.டி.எஃப். ஆகப் போட்டால் போதாதா?

பி.டி.எஃப். அச்சுத் தாளின் தோற்றம் மாறாமல் எங்கும் காட்டுவதற்காக உருவான வடிவம். பெரிய தாளின் அளவில் இருப்பதைச் செல்போனில் படிக்க, இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தி அல்லாட வேண்டும். படிக்க வேண்டிய விஷயத்தைச் சாதாரண இணையப் பக்கமாகப் போடுங்கள். அச்செடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை மட்டும் பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள்.

தமிழில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுவான குறியெண் தரும் யூனிகோடு முறை, 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனாலும் பல அலுவலகக் கணினிகளில் பழைய எழுத்துருக்களிலேயே தட்டச்சு நடக்கிறது. அந்தக் கோப்பு கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும். அதில் ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாக விழும். கணினிக்குள்ளே இருப்பது அந்தக் குப்பைதான். ஆகவே தேடுபொறியால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளாலும் படிக்க முடியாது. முத்திரையும் கையெழுத்துமாக ஸ்கேன் செய்து போட்ட ஆணையின் கதையும் இதேதான், அது வெறும் படம்.

எனவே தளத்துக்குப் போகும் எல்லா எழுத்தும் யூனிகோடில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே ஆணை போட்டுவிடுங்கள். பழைய எழுத்துருவில் இருப்பதை மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதைக் கண்ணால் ஒரு முறை படித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஸ்கேன் ஆணையைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், அதன் சாரத்தைப் பக்கத்தில் எழுத்தாகப் போட்டுவிட்டு, கீழே மூல ஆணைக்கு இணைப்புக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பக்கம் வேண்டுமா?

வேண்டாம். எல்லாப் பக்கமும் எல்லோருக்கும் ஆனதாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க உடற்குறையோ திறன்குறையோ உண்டு. ஒரு கடைக்கு அவர் வராமல் போனால் வேறு கடை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கு வேறு எங்கே போவார்?

இதற்கான உலகப் பொது நெறிமுறையை, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டிருக்கிறது. பெயர் டபிள்யூ.சி.ஏ.ஜி., 2023 அக்டோபரில் வந்த பதிப்பு 2.2. அதன் இரண்டாம் நிலையை, அதாவது ஏஏ நிலையை, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முழுவதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் சிலவற்றை நீங்களே சோதிக்கலாம். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் இதில் தோற்றுவிடும். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது. பொத்தான்கள் விரலுக்கு அடங்க வேண்டும். மவுசை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் அழுத்தித் தளம் முழுவதும் போய்வர முடிய வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைப் பத்தே நிமிடத்தில் செய்துவிடலாம், பெரிய பெரிய தளங்களே இதில் மாட்டிக்கொள்ளும்.

என்விடிஏ என்று இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் ஒன்று இருக்கிறது, தமிழையும் படிக்கும். நிறுவிக்கொண்டு, கண்ணை மூடி, உங்கள் தளத்தில் ஒரு படிவத்தைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பும் "இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்" என்று வரிசையாகக் காதில் விழும்போது, ஏன் "முகவரி மாற்றப் படிவம்" என்று எழுத வேண்டும் என்பது உடனே புரிந்துவிடும்.

இணைய முகவரியை யார் பெயரில் பதிவு செய்வது?

துறையின் பெயரில், துறையின் மின்னஞ்சலில். இதில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில் தளம் செய்து கொடுத்தவரே தன் சொந்த மின்னஞ்சலில் முகவரியைப் பதிவு செய்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. சில வருடம் நன்றாகவே ஓடியது. பிறகு அவர் தொழிலை விட்டுவிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பார்க்காத பெட்டியில் போய் விழுந்தன. ஒரு திங்கட்கிழமை காலையில் தளம் இல்லை. கொஞ்ச நாளில் அந்த முகவரியை வேறு யாரோ வாங்கி, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத விளம்பரங்களைப் போட்டார்கள். ரசீதுகளிலும் சுவர்ப் பலகைகளிலும் அச்சடித்திருந்த முகவரி அதுதான். பலகை பலகையாகப் போய் காகிதம் ஒட்டி மறைத்தோம்.

அரசு அமைப்புகளுக்கு என்றே ஒதுக்கிய முகவரி வகை உங்கள் நாட்டில் இருந்தால் அதையே வாங்குங்கள். போலித் தளங்களிலிருந்து மக்கள் உங்களைப் பிரித்தறிய அதுவே பெரிய அடையாளம். சர்வர், முகவரி, மின்னஞ்சல் எல்லாக் கடவுச்சொற்களும் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதி அலுவலக நாட்காட்டியில் ஏறட்டும்.

எந்த மென்பொருளில் செய்வது?

இதைப் பற்றித்தான் கூட்டங்களில் அதிகம் பேசுவார்கள். என் பார்வையில் இது அவ்வளவு பெரிய முடிவு இல்லை. வேர்ட்பிரஸ், துருபல் போன்ற திறமூலக் கருவிகள் (நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை) போதும். உங்கள் எழுத்தரே ஒரு கட்டணத்தை மாற்றி ஐந்து நிமிடத்தில் வெளியிட முடிகிறதா, புது நிறுவனம் வந்தால் எடுத்து நடத்த முடிகிறதா, இரண்டையும் கேளுங்கள். செருகுநிரல்களை, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன நிரல்களை, குறைவாக வையுங்கள், புதுப்பிக்காமல் விட்ட செருகுநிரல் வழியாகத்தான் பெரும்பாலும் ஊடுருவுவார்கள். எச்.டி.டி.பி.எஸ்., அதாவது தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மறைகுறியாக்கி அனுப்பும் முறை, கட்டாயம். அதற்கான சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாகவே கிடைக்கும். அது இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்தே "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது.

வெளி நிறுவனத்திடம் கொடுத்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

மேலே சொன்ன அணுகல் நெறிமுறை, யூனிகோடு. நிரலும் உள்ளடக்கமும் படங்களும் துறைக்குச் சொந்தம் என்ற வரி. பேக்கப் யார், எப்போது எடுப்பார், எங்கே வைப்பார் என்பது. மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்பது பழைய, நல்ல வழக்கம். எடுத்த பேக்கப்பை வருடத்துக்கு ஒரு முறையாவது மீட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். மீட்க வராத பேக்கப் ஆபத்து வேளையில் கைகொடுக்காது.

அப்புறம், கட்டும் செலவு ஒரு முறை, பராமரிப்பு ஒவ்வொரு வருடமும். தளத்துக்கு ஒதுக்கிய தொகை முழுவதையும் முதல் வருடமே செலவழித்துவிட்டு, இரண்டாம் வருடம் ஒரு சின்னத் திருத்தத்துக்குக்கூட வழியில்லாமல் நின்ற துறைகள் உண்டு. பராமரிப்பை முதல் மதிப்பீட்டிலேயே சேருங்கள்.

ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம் செலுத்துதல் எல்லாம் முதல் நாளே வேண்டும் என்கிறார்கள். முடியுமா?

அவசரப்பட வேண்டாம். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று எல்லா வசதியும் ஒரே நாளில் என்று திறக்கப்பட்டது. லட்சக்கணக்கானோர் வந்து மோதினார்கள். முதல் நாளில் பதிவை முழுதாக முடிக்க முடிந்தவர்கள் ஆறு பேர் என்று பிறகு வெளியான ஆவணங்கள் காட்டின. பணமும் நிபுணர்களும் இருந்த இடத்திலேயே இப்படி.

முதலில் தகவல் பக்கங்கள். அவை சரியாக ஓடிய பிறகு, அதிகம் கேட்கப்படும் ஒரே ஒரு சேவையை ஆன்லைனில் கொண்டுவாருங்கள். மனுவின் நிலை அறிவது நல்ல தொடக்கம், பணம் கைமாறாது, தொலைபேசி அழைப்புகளும் குறையும். ஒன்று மட்டும்: உள்ளே கோப்பு நகராமல் வெளியே ஆன்லைன் வசதி மட்டும் வைத்தால் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரியைத்தான் மாதக்கணக்கில் காட்டுவீர்கள். கவுண்டரையும் மூடிவிடாதீர்கள். செல்போன் இல்லாதவரும் உங்கள் மக்கள்தான்.

நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலை வெளியிடலாமா?

வெளிப்படைத்தன்மைக்காகச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதை மட்டும். அடையாள எண், வங்கிக் கணக்கு, செல்போன் எண், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும் அட்டவணையை அப்படியே ஏற்றுவது நல்லெண்ணத்தில் நடக்கும் பெரிய தவறு. ஒரு முறை வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது. அட்டவணைக் கோப்பில் மறைத்து வைத்த நெடுவரிசைகளும் கோப்போடு சேர்ந்தே போகும். மறைக்காமல் அழித்துவிட்டு, இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே ஏற்றுங்கள்.

மேலதிகாரி ஓடும் எழுத்து, நகரும் படங்கள், வருகையாளர் எண்ணிக்கை எல்லாம் கேட்கிறார். என்ன சொல்வது?

மரியாதையாக, செல்போனைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். ஓடும் வரியைச் சின்னத் திரையில் படித்து முடிப்பதற்குள் அது போய்விடும். தானாக ஓடி ஐந்து விநாடிக்கு மேல் நீடிப்பதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையும் சொல்கிறது. விழாப் படங்கள் கேமராவிலிருந்து வந்தபடியே ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருந்தால் கிராமத்து இணைப்பில் பக்கம் திறக்கவே திறக்காது. 200 கேபிக்குள் சுருக்கித் தனிப் பக்கத்தில் வையுங்கள். "கடைசியாகப் புதுப்பித்தது" என்ற இடத்தில் இன்றைய தேதியைத் தானாகக் காட்டும் நிரலும் சில தளங்களில் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள், அது பொய்.

வெளியிடும் முன் எப்படிச் சோதிப்பது?

ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன், ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000இல் எழுதினார். என் அனுபவமும் அதுதான். அலுவலக ஆட்கள் வேண்டாம், கவுண்டருக்கு வந்தவர்களிடமே பத்து நிமிடம் கேளுங்கள். அவர்களுடைய செல்போனிலேயே செய்யச் சொல்லுங்கள். வேலையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம்.

ஒரு முறை வயதான ஒருவரிடம் "உங்க வீட்டுத் தண்ணீர் இணைப்புப் பெயரை மாத்தணும், எப்படின்னு பாருங்க" என்றேன். அவர் முகப்பை மேலும் கீழும் தள்ளினார். "சேவைகள்" என்ற பொத்தானைத் தாண்டி மூன்று முறை போனார், தொடவில்லை. ஏன் என்று கடைசியில் கேட்டேன். "சேவைன்னா ஏதோ இலவசமா குடுக்கறதுன்னு நெனச்சேன் தம்பி. எனக்கு வேண்டியது பேர் மாத்தறது" என்றார். அன்று மாலையே அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு "பெயர் மாற்றம்", "புது இணைப்பு", "புகார்" என்று முகப்பிலேயே போட்டோம்.

வெளியிட்ட பிறகு என்ன வேலை இருக்கிறது?

பக்கங்களின் முகவரியைத் தேவையில்லாமல் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகப் போகும்படி வழிமாற்று வையுங்கள். யாரோ அதைக் குடும்பத்தாருக்கு அனுப்பியிருப்பார், யாரோ அச்சடித்திருப்பார்.

வாரம் ஒரு முறை தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டினார்கள் என்று பாருங்கள். இதை விடாமல் செய்கிற துறைகளின் தளங்கள் வருடத்துக்கு வருடம் மேம்படுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பட்டியலில் "செத்தவங்க சர்டிபிகேட்", "டெத் சர்டிபிகேட்", "மரண சான்று" என்று மூன்று விதமாக வந்து, மூன்றுக்குமே "முடிவுகள் இல்லை" என்று தளம் பதில் சொல்லியிருந்தது. பக்கம் இருந்தது, "இறப்புச் சான்றிதழ்" என்ற தலைப்பில். தலைப்பை மாற்றவில்லை, அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: "மரணச் சான்று, டெத் சர்டிபிகேட் என்றும் சொல்வார்கள்." மீதி இருந்த சொல்லைத் தேடல் அமைப்பிலேயே இதற்கு இணையாகப் பதிந்தோம். அடுத்த வாரப் பட்டியலில் "முடிவுகள் இல்லை" என்ற பகுதியில் அந்த மூன்றும் இல்லை. புதிதாக நான்கு சொற்கள் வந்திருந்தன.